மதகிலிருந்து மதகுக்கு 400 மீட்டர்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஆறு படங்கள் அனுப்பியிருந்தான். ஒரு பக்கம் சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், இன்னொரு பக்கம் சலனமே இல்லாத ஒரு கால்வாய், நடுவில் வளைந்து போகும் பாதையில் ஷூவும் தொப்பியுமாக இவன். “12 கிலோமீட்டர் மாமா! உங்க ஊர்ல இப்படி ஓட இடம் இருக்கா?” என்று கீழே ஒரு கேள்வி.

‘உங்க ஊர்’ என்கிறான். அவன் பிறந்ததும் இதே கள்ளக்குறிச்சியில்தான்!

மலை இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. திராட்சைதான் இல்லை. அதற்குக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை அங்கே விளைவதுதான். இங்கே நெல், கரும்பு, மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு. பிரான்ஸில் மெதோக் என்ற பகுதியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மாரத்தான் நடத்தி, ஓடுகிறவர்களுக்கு வழியில் தண்ணீரோடு ஒயினும் கொடுப்பார்களாம். நம் பக்கம் அந்தப் பேச்சே வேண்டாம். 2024 ஜூனில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கள்ளக்குறிச்சி என்று சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடுகிறது. வேறு ஏதாவது ஒரு காரணத்துக்காகவும் நாலு பேர் இந்த ஊர்ப் பேரைச் சொல்லட்டுமே என்றுதான் இந்த வாரம் இந்த விஷயத்தை எடுத்தேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சாலையில் போனால், கல்வராயன் மலையின் காலடியில் கோமுகி அணை. 46 அடி உயரம் வரை தண்ணீர் தேக்கலாம். பெரிய அணை என்று சொல்ல முடியாது. ஆனால் இதன் வாய்க்காலை நம்பித்தான் சுற்று வட்டாரத்தில் பல கிராமங்களில் நடவு நடக்கிறது. அந்த வாய்க்காலின் கரைதான் நான் சொல்லப்போகும் பாதை.

பூங்கா நடைபாதை போல நினைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். மண் கரை. லஸ்கர் பைக்கில் போய் மதகு பார்க்கும் தடம்தான் பாதை. சில இடங்களில் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் சாய்ந்து சட்டையைப் பிடிக்கும். ஆனால் புதிதாக ஓட ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது. காரணம் எளிது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக வாய்க்காலை மிக மெல்லிய சரிவில் வெட்டுவார்கள். அதனால் கரையிலும் மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம் கிடையாது. தாரும் சிமென்ட்டும் போல மண் முழங்காலைக் குத்துவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இங்கே லாரி வராது.

லாரி விஷயத்தை விளையாட்டாகச் சொல்லவில்லை. சேலம் - உளுந்தூர்பேட்டை நான்கு வழிச்சாலையில் விடியற்காலை போய்ப் பாருங்கள். இருட்டில், கறுப்பு டீ-ஷர்ட்டில், காதில் இயர்போனோடு, வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும் பையன்கள். உடம்பைக் குறைக்க வந்தவர்கள் இல்லை இவர்கள், வேலைக்காக ஓடுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ராணுவத்தில் அக்னிவீர் ஆகவேண்டும் என்றால் 1.6 கிலோமீட்டர், 5 நிமிடம் 30 விநாடிக்குள் வந்தால் முழு மதிப்பெண். காவலர் தேர்வில் பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் இந்த விநாடிகளில் தவறினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வாய்க்கால் கரையில் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்தேன். மணி ஐந்தேகால். தூரத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லின் ஹெட்லைட் மட்டும் தெரிந்தது. கிட்டே போனால், வண்டியில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த வெளிச்சத்துக்குள் ஒரு பெண் ஓடி வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, “எவ்ளோம்மா?” என்கிறாள். அம்மா கையில் இருந்த செல்போனை நீட்டுகிறார். 2 நிமிடம் 21 விநாடி.

“போன தடவ நாலு செகண்டுல போயிடுச்சு சார்” என்றார் அம்மா. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க்காம். ஓடத்தான் இடம் இல்லை. முதலில் ஊர்ச் சாலையில் ஓடினாள். ஒருநாள் கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்னால் வந்து உரசுவது போலப் போக, சாலையோரம் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். பள்ளி மைதானத்துக்குப் போனால் பையன்கள் கூட்டம். “வேடிக்கை பார்த்துக் கேலி பண்ணா எப்படி சார் ஓடுறது?” அத்தோடு அப்பா ‘ஓட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். இந்த வருஷம் அம்மாதான் வாய்க்காலைக் கண்டுபிடித்தார். களை எடுக்கப் போகும் வழி. அவருக்கு ஒவ்வோர் அடியும் தெரியும். இரண்டு மதகுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை செல்போனில் அளந்து பார்த்தால், கிட்டத்தட்ட 400 மீட்டர் வந்ததாம். அந்த மதகிலிருந்து இந்த மதகுக்கு ஓட்டம். திரும்பிப் போகும்போது நடை. ஒரு காலைக்கு ஆறு முறை.

எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுக்காமலேயே, ஓடு, நட, மறுபடி ஓடு என்ற சரியான முறையைப் பிடித்துவிட்டார்கள். உங்களுக்கும் அதுதான். ஒரு நிமிடம் மெதுவாக ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள், இருபது நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நெஞ்சு வலி, இதயப் பிரச்னை இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் பாக்கெட்டில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். வெறுங்காலில் ஓடாதீர்கள், கருவேல முள் காலில் ஏறியதே சிலருக்குத் தெரியாது.

பாம்பைப் பற்றிக் கேட்பீர்கள். இருக்கும். வயலில் எலி இருந்தால் பாம்பும் இருக்கத்தான் செய்யும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் இந்த நாலும்தான் பெரும்பாலான உயிர்களை எடுப்பவை. டார்ச் இல்லாமல் கரையில் கால் வைக்காதீர்கள். புல் மண்டிய இடத்தில் ஓடாமல் நடந்து கடங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போய்விட வேண்டும். விடிந்த பிறகு ஓடுவது இன்னும் நல்லது. ஆனால் ஆறரை மணிக்கு வயல் வேலைக்குக் கிளம்ப வேண்டிய அம்மாவிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

மலைப் பாதையையும் சொல்லிவிடுகிறேன். அணையைத் தாண்டினால் வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் கல்வராயன் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரம்தான். கால் பழகியவர்களுக்கு அருமையான பாதை. ஏறும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள். மூச்சு முட்டினால் நடங்கள், வெட்கமே இல்லை. இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். சரிவில் ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசை உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் நாள் வீட்டுப் படி இறங்கும்போது தெரியும். வளைவுகளில் எதிரே வரும் வண்டி உங்களுக்குத் தெரிகிற பக்கமாக ஓடுங்கள். சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

முதல் முறை அங்கே ஓடியபோது ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். மலையாளி பழங்குடி மக்களில் ஒருவர். தோளில் துண்டு, கையில் கத்தி. “யாருக்கு என்னாச்சு? ஏன் ஓடி வர்றீங்க?” என்றார், பதற்றத்தோடு. உடம்புக்காக ஓடுகிறேன் என்று சொன்னதும் சிரிக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சாலை இல்லாத குக்கிராமங்களிலிருந்து நோயாளிகளைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்த மலை இது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்து, சாலை, பஸ் வசதி பற்றியெல்லாம் அரசைக் கேள்வி கேட்டது. அங்கே ஒருவர் ஓடி வருகிறார் என்றால், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். அன்றைக்கு மீதி வளைவுகளை நான் நடந்தே ஏறினேன்.

2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை திட்டத்தை ஆரம்பித்தது. நல்ல திட்டம். என் ஆசை ஒன்றுதான். நகரத்துக்குள் கிடைக்கும் அந்த எட்டு கிலோமீட்டரைப் போல, கிராமத்தில் ஏற்கெனவே இருக்கும் வாய்க்கால் கரையில் ஒரே ஒரு கிலோமீட்டரையாவது ஓட்டப் பாதையாகக் கணக்கில் எடுக்கட்டும். தார் போட வேண்டாம், அலங்கார விளக்கும் வேண்டாம். முள்ளை வெட்டி, மதகுக்கு மதகு ஒரு விளக்கு போட்டால் போதும். எக்ஸெல்லில் பெட்ரோலாவது மிச்சமாகும்.

அக்கா மகனுக்கு அந்த வாய்க்கால் படத்தை அனுப்பினேன். “சூப்பர் மாமா! பொங்கலுக்கு வர்றேன், என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்று பதில். அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும், இயர்போன் கூடாது, டார்ச் கட்டாயம் என்று எழுதினேன். கூடவே இன்னொன்றும்: இரண்டு மதகுக்கு நடுவில் அந்தப் பெண் ஓடும் நேரத்தில் நாம் கரையோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். அவள் ஆறு முறை ஓடி முடித்த பிறகுதான் நம் முறை.