சந்தாவை நிறுத்தினால் நியாயம் மாறிவிடுமா?

2024 செப்டம்பர் 24ம் தேதி, செனகல் நாட்டின் தலைநகரான டாக்கரில் ஒரு முதியவர் காலமானார். வயது 103. பெயர் அமாது மக்தார் எம்போ. 1974 முதல் 1987 வரை யுனெஸ்கோ என்ற ஐ.நா. கல்வி, விஞ்ஞான, கலாச்சார ஸ்தாபனத்தின் டைரக்டர் ஜெனரலாக இருந்தவர். ஐ.நா.வின் பெரிய ஸ்தாபனம் ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான். மேல்நாட்டு முதலாளித்துவ ஏடுகளோ அவர் பெயருக்கு முன்னால் எப்போதும் ஒரு பட்டத்தை ஒட்டிவிடும்: "சர்ச்சைக்குரிய" எம்போ!

யாருக்கும் யாருக்கும் சர்ச்சை? எதைப் பற்றிச் சர்ச்சை? அதை மட்டும் சொல்லமாட்டார்கள். நாம் சொல்கிறோம்.

எம்போ கம்யூனிஸ்ட் அல்ல. அவரை நம்முடைய ஆள் என்று காட்டிக்கொள்ளும் உத்தேசமும் நமக்கில்லை. பிரான்சின் காலனியாக இருந்த செனகலில் பிறந்து, பிரெஞ்சு விமானப் படையில் யுத்தத்தில் பணியாற்றி, பாரிசில் படித்து வாத்தியாரானவர். 1952லிருந்து 1957 வரை செனகல் கிராமங்களில் அடிப்படைக் கல்வி இயக்கத்தை நடத்தினார். பின்பு கல்வி மந்திரி ஆனார். 1958ல் அந்தப் பதவியை உதறிவிட்டுச் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கினார். இதெல்லாம் மெச்சத்தக்கதே. ஆனால் 1968ல் டாக்கர் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, சர்க்கார் பல்கலைக் கழகத்திற்குள் போலீசை ஏவியது. தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கின. அன்றைய கல்வி மந்திரி இதே எம்போதான்! அதை நாம் மறைக்கப் போவதில்லை.

அப்படிப்பட்ட மனிதரை ஏகாதிபத்தியம் ஏன் வெறுத்தது? அவர் ஒரு கேள்வி கேட்க இடம் கொடுத்தார்: உலகத்துச் செய்தி யார் கையில் இருக்கிறது?

அன்றைய நிலை என்ன? அசோசியேட்டட் பிரஸ், யுனைடெட் பிரஸ், ராய்ட்டர், பிரான்சின் ஏ.எப்.பி. ஆகிய நான்கு பெரிய ஏஜன்சிகள். நியூயார்க், லண்டன், பாரிஸ் நகரங்களில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக்கே செய்தி படியளந்தன. நைஜீரியாவில் நடந்தது கானாக்காரனுக்குத் தெரியவேண்டுமானால் லண்டனைச் சுற்றித்தான் வரவேண்டும். வருகிற செய்தி எப்படி இருக்கும்? நம் விவசாயத் தொழிலாளி கூலி உயர்வு கேட்டு வயலில் இறங்காமல் நின்றால், மிராசுதாருக்கு வேண்டிய பத்திரிகையில் அது "கலவரம்" என்று வருகிறதல்லவா? அதே வித்தைதான், உலக அளவில்!

எம்போ ஒரு கமிஷன் அமைத்தார். அயர்லாந்தின் ஷான் மக்பிரைட் தலைவர். நோபல் சமாதானப் பரிசும் லெனின் சமாதானப் பரிசும் இரண்டும் பெற்றவர். உறுப்பினர் மொத்தம் 16 பேர். அமெரிக்காவின் எலி ஏபெல் இருந்தார், சோவியத்தின் டாஸ் ஏஜன்சித் தலைவர் லோசெவ் இருந்தார், கொலம்பியாவின் எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸ் இருந்தார், நமது நாட்டின் பி.ஜி. வர்கீஸ் இருந்தார். 1980ல் அறிக்கை வெளிவந்தது. செய்தித் துறை சிலர் கையில் குவிவது ஆபத்து, ஏழை நாடுகளுக்குச் சொந்தச் செய்தி வசதி வேண்டும் என்றது. அதே அறிக்கை தணிக்கையையும் கண்டித்தது. பத்திரிகையாளனுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஏற்பாட்டையும் ஒப்பவில்லை.

"ஐயோ, பத்திரிகைச் சுதந்திரம் போச்சு!" என்று கூப்பாடு கிளம்பியது. அறிக்கையைப் படித்தவன் போடும் கூச்சலா இது?

1980ல் பெல்கிரேடில் யுனெஸ்கோவின் பொது மாநாடு ஐந்து வாரம் நடந்தது. அதைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தவற்றை அந்நாட்டின் தேசிய செய்திக் கவுன்சிலே சேகரித்துப் பார்த்தது. 448 செய்திகள், 206 தலையங்கங்கள். செய்திகளில் 173 இந்தச் செய்தித் துறைச் சண்டையைப் பற்றியவை. எழுத்தறிவின்மையை ஒழிப்பது பற்றி, புராதனச் சின்னங்களைக் காப்பது பற்றி மாநாடு பேசியதே, அதைப் பற்றி எத்தனை செய்தி? ஒன்றுகூட இல்லை! கோடிக்கணக்கான ஜனங்களின் படிப்பைப் பற்றிய பேச்சு, அவர்கள் கணக்கில் செய்தியே அல்ல. "செய்தி யார் கையில்" என்ற கேள்விக்கு அவர்களே எழுத்து மூலம் பதில் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் நம் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அணிசேரா நாடுகளின் செய்திக் கூட்டணிக்காக 1976ல் டில்லியில் மாநாடு கூடியபோது, நமது நாட்டில் அவசரநிலை. பத்திரிகைப் பக்கங்கள் தணிக்கை அதிகாரியின் மேஜைக்குப் போய் வந்தன. செய்திச் சுதந்திரத்தைப் பற்றி உலகுக்கு உபதேசம், உள்ளூரில் வாய்ப்பூட்டு! இப்படிப்பட்ட சர்க்கார்கள்தான் எதிரி கையில் தடியைக் கொடுத்தன.

யுனெஸ்கோவில் ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. ஆனால் செலவில் நூற்றுக்கு 25 பங்கு அமெரிக்கா கட்டியது. சுதந்திரம் பெற்ற ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் சேரச் சேர, கால்பங்குப் பணம் கட்டுகிறவனுக்கு ஓட்டு மட்டும் ஒன்றாகவே நின்றது. பொறுக்குமா?

நாம் சங்க வேலை பார்த்த ஒரு மில்லில் நடந்தது ஞாபகம் வருகிறது. கேன்டீன் கமிட்டித் தேர்தலில் சங்கத்தார் ஜெயித்தார்கள். மறுமாதமே நிர்வாகம் கேன்டீன் மானியத்தை நிறுத்தியது. ஏன் என்றால், அரிசிக் கணக்கில் ஊழலாம்! கணக்கில் இரண்டு மூட்டை உதைத்தது வாஸ்தவம். அதற்குப் பொறுப்பானவரைச் சங்கமே கேட்டது. ஆனால் நிர்வாகத்தின் ஆட்கள் கமிட்டியில் இருந்த பத்து வருஷமும் யாராவது மூட்டையை எண்ணினார்களா?

இங்கும் அதே கதைதான். 1983 டிசம்பரில் ரீகன் சர்க்கார் நோட்டீஸ் கொடுத்தது; 1984 முடிவில் வெளியேறியது. தாட்சரின் பிரிட்டன் 1985 முடிவில் அதைப் பின்பற்றியது. சிங்கப்பூரும் கூடவே போயிற்று. சொன்ன காரணம், நிர்வாகம் சீர்கெட்டது, செலவு பெருத்தது, "அரசியல்" புகுந்தது. எம்போவின் நிர்வாகத்தில் குறையில்லை என்று நாம் வாதாடவில்லை. அதிகாரத்தைத் தம் கையிலேயே குவித்துக்கொண்டார். ஏழை நாடுகளுக்குப் போகவேண்டிய பணத்தில் பெரும்பகுதி பாரிஸ் தலைமையகத்திலேயே கரைந்தது. இது கண்டிக்கத்தக்கது. ஆனால் 1987ல் எம்போ மூன்றாம் முறைப் போட்டியிலிருந்து விலகினார். ஸ்பெயினின் பெடரிகோ மயோர் வந்தார். எம்போதான் தடை என்றால் மறுநாளே திரும்பியிருக்க வேண்டுமே! பிரிட்டன் திரும்பியது 1997ல். அமெரிக்கா திரும்பியது 2003ல்!

இன்னொன்றும் அவர்களுக்கு உறுத்தியது. 1978 ஜூன் 7ம் தேதி எம்போ ஒரு பகிரங்க வேண்டுகோள் விடுத்தார்: காலனி நாடுகளிலிருந்து அள்ளிச் சென்ற கலைச் செல்வங்களை, அவற்றைப் படைத்த ஜனங்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்று. 1897ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைக் கொள்ளையடித்துக் கொண்டுபோன வெண்கலச் சிற்பங்கள் லண்டன் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கொள்ளைக்காரனிடம் ரசீது கேட்டால் கோபம் வராதா?

இது நமக்குத் தூரத்து விவகாரமல்ல. 1976ல் தஞ்சை ஜில்லா பத்தூரில் குடிசைப் பக்கம் மண்ணைத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவை சோழர் கால விக்கிரகங்கள். அவற்றில் இருந்த நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். லண்டன் கோர்ட்டில் வருஷக்கணக்கில் வழக்காடி 1991ல்தான் மீட்க முடிந்தது. வேண்டுகோளுக்கு யாரும் இளகிவிடவில்லை. தோண்டி எடுத்தவனுக்குக் கிடைத்தது சில்லறை. இடையில் கைமாற்றியவர்களுக்குக் கிடைத்தது லட்சங்கள்.

யுனெஸ்கோவின் 'கூரியர்' பத்திரிகை 1967லிருந்து பல ஆண்டுகள் தமிழிலும் வந்தது. நமது வாசகசாலைகளில் அதைப் புரட்டிய தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்போ காலத்தில் வெளிவரத் தொடங்கிய எட்டுத் தொகுதி ஆப்பிரிக்க வரலாற்றை நடத்திய அறிஞர் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆப்பிரிக்கர்களே. வெள்ளைக்காரன் வந்த பின்புதான் ஆப்பிரிக்காவுக்குச் சரித்திரம் என்ற புளுகுக்கு அது பதில். இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் கால்பங்குப் பணம் நின்றது.

வெளியேறும் வழக்கமும் அத்தோடு நிற்கவில்லை. 2011ல் பாலஸ்தீனத்தை உறுப்பினராகச் சேர்க்க 107 நாடுகள் ஓட்டளித்தன, எதிர்த்தவை 14. இந்தியாவும் ஆதரித்தது. உடனே அமெரிக்கா சந்தாவை நிறுத்தியது. 2018 முடிவில் மறுபடி விலகியது, 2023ல் வந்தது, 2025 ஜூலையில் மூன்றாம் முறையாக விலகலை அறிவித்தது. 2026 டிசம்பர் என்று தேதியும் குறித்தது. அப்போது யுனெஸ்கோவின் தலைமையில் இருந்தவர் பிரான்சின் ஆத்ரே அசூலே. எம்போ காலமாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது.

கோபித்துக்கொண்டு யுனெஸ்கோவை விட்டு வெளியேறுவதில் அமெரிக்காவுக்கு ஒரு முன்னோடியும் உண்டு. நிறவெறியைக் கண்டித்து நூல்கள் வெளியிட்டதற்காக 1956லேயே வெளியேறிய தென்னாப்பிரிக்க வெள்ளை சர்க்கார்தான் அது. மண்டேலா ஆட்சிக்கு வந்த 1994ல்தான் அந்த நாடு திரும்பி வந்தது.