போக்காடு



மைசூருவில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக ஜெபிக்கச் சென்றிருந்தேன். மகனுக்கு வேலை போயிருந்தது. "இந்த ஊருக்கு வரச் சொன்னவள் இவள்தானே!" என்று மாமியார் முறையிட, மருமகள் தலைகுனிந்து நின்றாள். ஆங்கிலப் பாடம் படித்துக்கொண்டிருந்த பேத்தி, "பாஸ்டர் அங்கிள், ஸ்கேப்கோட் என்றால் என்ன?" என்று கேட்டாள்.

'எஸ்கேப்', 'கோட்' (ஆடு) என்னும் இரு சொற்கள் இணைந்த கூட்டுச்சொல் அது. மோசேயின் ஆகமங்களை 1530-இல் ஆங்கிலத்தில் அச்சிட்ட வில்லியம் டிண்டேல், லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்துக்காக அதை உருவாக்கினார். 'அசாசேல்' என்னும் எபிரெயச் சொல்லைப் 'போகிற ஆடு' என்று அவர் பொருள்கொண்டார். அதை ஒரு பெயராகக் கொள்ளும் அறிஞரும் உண்டு. 'எஸ்கேப்' என்பதன் வேர் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே. 'காப்பா' என்றால் மேலங்கி. பிடித்தவர் கையில் அங்கியை விட்டுவிட்டு ஓடுவதே அதன் ஆதிப் பொருள். போத்திபாரின் வீட்டில் யோசேப்பு அப்படித்தானே தப்பினான்! நம் தமிழ் வேதாகமமோ 'போக்காடு' என்கிறது. இதுவும் போக்கு, ஆடு என்னும் கூட்டுச்சொல்லே.

பாவநிவிர்த்தி நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப்போட்டார்கள். ஒன்று பலியாயிற்று. மற்றதன் தலைமேல் ஆரோன் இரு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிட்டான். 'அவனைப் பலிகடா ஆக்கினார்கள்' என்று இன்று பேசுகிறவர்கள் இரண்டு ஆடுகளையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆனால், கிறிஸ்துவில் அவை இரண்டும் மெய்யாகவே ஒன்றாயின. அவர் பலியுமானார், நம் அக்கிரமங்களைச் சுமந்தும் தீர்த்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆரோன் கைவைத்தபோது பாவத்தை அறிக்கையிட்டான். நாமோ அறிக்கையிடுவதை விட்டுவிட்டு, கையை மாத்திரம் பிறர் தலைமேல் வைக்கிறோம். வாடகை, கடன், வேலையின்மை என்று பட்டணத்துப் பாரங்கள் அனைத்தும் வீட்டிலேயே பெலவீனமான ஒருவர்மேல் சுமத்தப்படுகின்றன. சபைகளிலும் இது நடக்கிறது, நானும் செய்திருக்கிறேன்.

இவற்றைச் சிறுமிக்குச் சொல்லி முடித்தேன். மாமியார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு ஜெபத்துக்காக முழங்காற்படியிட்டபோது, மருமகளைத் தம் அருகே அழைத்துக்கொண்டார். அந்த மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அவ்வீட்டில் இப்பொழுது நால்வரும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யார் தலைமேல் உங்கள் கை இருக்கிறது? இன்றே எடுத்துவிடுங்கள். சுமக்க வேண்டியவர் சுமந்து முடித்துவிட்டார். ஆமென்.