தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் எதற்கு?



தொப்பூர் கணவாயில் 2024 ஜனவரி 24 அன்று நான்கு உயிர்கள் போயின. அங்கே எப்போது லாரி மோதினாலும் "பிரேக் பிடிக்கவில்லை" என்கிறோம், சாலையைத் திட்டுகிறோம். சாலையைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தை யார் கேட்பது?

அந்த மிச்சமே பொய். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றும். இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில்தான் டீசல் எரிகிறது! பிடிமானமும் போய்விடுகிறது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போகும். டிரெய்லர் என்றால் பின்பாரம் முன்வண்டியைத் தள்ளி மடக்கிவிடும்.

ஓசூரிலிருந்து சேலம் பக்கம் லோடு ஏற்றிப் போகும் பிள்ளைகளே, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள். நம் அஞ்செட்டி மலைப்பாதையிலும் இதே கணக்குதான்.

லாரி வைத்திருக்கும் சொந்தங்களே, மைலேஜ் குறைந்தால் டிரைவர் சம்பளத்தில் பிடிக்கிறீர்களே, அவர் கையை நியூட்ரலுக்குத் தள்ளுவது நீங்கள்தான். முதலில் அதை நிறுத்துங்கள்.