கண்ணியமான சாவு யாருக்கு?

கண்ணியத்தோடு சாவதும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 21 தரும் உரிமையே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீள முடியாத நிலை வந்தால் உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாமென முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2023 முதல் அதற்கு மாஜிஸ்திரேட் தேவையில்லை, நோட்டரி சான்றே போதும். வரவேற்கிறேன்.

ஆனால் தோழர்களே, வென்டிலேட்டர் வரை போகவே முடியாதவர் எதை வேண்டாமென்பார்? விருதுநகர் வட்டாரத்தில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிட்ட தலைக்கூத்தலில் சம்மதம் யாருடையது? பார்த்துக்கொள்ள ஆளும் காசும் இல்லாத வீட்டில் எடுக்கும் முடிவை விருப்பம் என்று நான் சொல்லமாட்டேன். மலக்குழியில் சாகிறவருக்கும் இதே பிரிவு 21தான் இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையம்தோறும் மார்பினும் வலிதணிப்புச் சிகிச்சையும் வேண்டும். அதைச் சேர்த்துக் கேட்காமல் இந்த உரிமையைக் கொண்டாட என்னால் முடியவில்லை.