காகத்தின் கருமை

ஜிந்துப்பிட்டியில் காகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. முற்றத்தில் கருவாடு உலர்த்தினால் அதுவே தேடி வரும். சனிக்கிழமை சோறு வைத்து அழைக்கிறோம். மறுநாள் கல்லெடுத்து விரட்டுகிறோம். இத்தனை நெருங்கிய அயலாரை நம்மில் எத்தனை பேர் உற்று நோக்கியிருக்கிறோம்?

1817ஆம் ஆண்டில் வியேய்யோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்குச் சூட்டிய விஞ்ஞானப் பெயர் ‘கோர்வஸ் ஸ்ப்ளெண்டென்ஸ்’. ஒளிரும் காகம் என்பது அதன் பொருள். வெயில் பட்டால் சிறகில் நீலமும் ஊதாவும் பச்சையும் மின்னும். அவை சாயமல்ல, இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் தோன்றுபவை. மயில் தோகையின் வண்ணமும் இவ்வகையினதே.

படம் பிடிக்க விரும்பும் மாணவர்க்கு ஒரு சொல்: கமராவுக்குக் காகம் கறுப்பென்று தெரியாது. எதனையும் நடுத்தரச் சாம்பலாகவே அது கணக்கிடும். காகம் படத்தை நிறைத்தால் நிறம் வெளிறும். ஒளியளவை ஒரு படி குறையுங்கள். வானத்தின் எதிரே அமர்ந்தால் கரித்துண்டாகிவிடும். ஒரு படியோ இரண்டோ கூட்டுங்கள். கைத்தொலைபேசியாயின், திரையில் பறவையைத் தொட்டு ஒளியைக் கூட்டிக் குறைக்கலாம். இளவெயில் பக்கவாட்டில் விழட்டும்; கூர்மை கண்ணில் நிலைக்கட்டும். கூட்டை மட்டும் நெருங்காதீர்கள். குஞ்சைக் காக்கும் காகம் தலையில் கொத்தும்.

சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலில் மயிலைக் கைகூப்பி வணங்குகிறோம். அதே ஒளிவித்தையைச் சிறகில் சுமந்து மதில்மேல் அமர்ந்திருப்பதையும் ஒருகணம் நின்று பார்ப்போமாக.