மலையைப் படம் பிடிக்குமுன் மலையைப் படியுங்கள்



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் எமது பகுதி வாலிபர்கள் மலைக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். ரிவர்ஸ்டன், ஹந்தான, அலகல்ல என்று விடுமுறைக்கு ஒரு மலை. கையில் கமரா அல்லது கையடக்கத் தொலைபேசி. மகன் திரும்பி வரும்வரை உம்மாவுக்கு நிம்மதி இல்லை. மலையழகை ரசிப்பதும் அதைப் படம் பிடிப்பதும் நல்ல பொழுதுபோக்கே. தடுக்க வேண்டியதில்லை. ஆனால் காலம் அறிந்து செய்ய வேண்டும்.

குளிர் நாட்டவர்கள் ஒரே மலையைக் கோடையில் நடந்து சென்றும், பனிக்காலத்தில் சறுக்குப் பலகைகளில் சென்றும் படம் எடுக்கிறார்கள். பருவத்துக்குப் பருவம் அந்த மலை ஆடை மாற்றிக்கொள்கிறது. எமக்கு அந்தப் பனி கிடையாது. ஆண்டின் முதல் மாதங்களில் நுவரெலியாவின் புல்வெளிகளில் சில விடியல்களில் உறைபனி படிவதோடு சரி. எமது மலைகளின் ஆடையை மாற்றுவது மழை.

நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பாருங்கள். மடக்கிய கையின் விரல் முட்டிகளைப் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் அதற்கு இப்பெயரை வைத்தனர். சிங்களத்தில் தும்பற மலைத்தொடர். 30க்கும் மேற்பட்ட சிகரங்கள் உண்டு. மிக உயர்ந்தது 1,900 மீற்றரைத் தொடுகிறது. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது இத்தொடரும் அதில் இடம்பெற்றது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இதன் மேற்குச் சரிவை நனைக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று கிழக்குச் சரிவை நனைக்கிறது. மார்ச் மாதத்தில் மானாப்புல் காய்ந்து பொன்னிறமாகும். அப்போது ஒரு தீக்குச்சி போதும், மலையே எரியும். ஒக்டோபர், நவம்பரில் காலை தெளிவாக இருந்தாலும் பிற்பகலில் இடியும் மழையும் வரும். நீர்வீழ்ச்சிகள் பெருகும், அட்டைகளும் பெருகும். ஆகவே "எந்த மலை?" என்று மகனிடம் கேட்பதோடு நிறுத்தாமல், "எந்த மாதம், எந்தப் பக்கம்?" என்றும் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். 2015ஆம் ஆண்டு ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவில், புதுமனைவியைப் படம் எடுக்கப் பின்னோக்கி அடி வைத்த நெதர்லாந்து நாட்டவர் ஒருவர் பள்ளத்தில் விழுந்தார். இடையிலிருந்த ஒரு மரம் தாங்கியதால் உயிர் பிழைத்தார். இராணுவத்தினர் இறங்கி மீட்டனர். எல்லோருக்கும் அப்படி ஒரு மரம் கிடைக்குமா? நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது. எடுக்கும்போது நடக்கக் கூடாது.

1870களில் கண்டியில் சார்ள்ஸ் ஸ்கோவன் என்ற ஆங்கிலேயர் படப்பிடிப்பு நிலையம் நடத்தினார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். ஒரு படத்துக்கே இத்தனை பாடு என்பதால் முதலில் மலையை நன்றாகப் பார்த்தார்கள். இன்று ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கிறோம், மலையைப் பார்த்தோமா?

சகோதரிகளே, இதற்கு நீங்கள் மலை ஏற வேண்டியதில்லை. அலவத்துகொடயில் எந்த வாசலில் நின்றாலும் ஒரு மலைச்சரிவு கண்ணில் படும். கிழக்கே இருக்கும் மலை ஸுபஹுக்குப் பின் கருநிழலாகவே தெரியும், சூரியன் அதன் பின்னால் எழுவதால். அஸருக்குப் பின் பாருங்கள். மேற்கு வெயில் விழுந்து ஒவ்வொரு மடிப்பும் துலங்கும். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் ஒரு படம் எடுத்து, திகதி குறித்து வையுங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் 12 படங்கள். அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் மலையின் அழகும் புரியும், அதில் நேர்ந்த மாற்றமும் புரியும்.

மாற்றத்தை ஏன் சொல்கிறேன்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்தது. எமது அலவத்துகொடப் பகுதியிலும் மண் சரிந்து வீடுகளை மூடியது. நாம் ரசிக்கும் அதே சரிவின் கீழேதான் குடியிருக்கிறோம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் நீர் — இவை மண்சரிவுக்கு முன்னே தோன்றக்கூடிய அடையாளங்கள். மலையை மாதாமாதம் உற்றுப் பார்க்கும் கண் இவற்றைத் தவறவிடாது. கண்டால் படத்தோடு கிராம சேவகரிடம் அறிவியுங்கள். மழை கடுமையாக இருந்தால் படமும் வேண்டாம், பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

மலையை அறிந்த பிள்ளை, ஏறக்கூடாத நாளில் ஏற மாட்டான். அந்த அறிவை வீட்டு வாசலிலேயே ஊட்டிவிட உம்மாவால் முடியும். இந்த மாதமே முதல் படத்தை எடுங்கள்.