பச்சை நீருக்கு மருந்து தேடுவோர்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் எழுந்து நிற்கும் தொடர்மாடிகளிலும், கொட்டாஞ்சேனையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலும் வளரும் பிள்ளைகளுக்கு முற்றமில்லை, கிணற்றடியில்லை, கோழியோ ஆடோ வளர்க்க இடமில்லை. உயிருள்ள ஒன்றைத் தம் பொறுப்பில் வைத்துப் பேணும் பாக்கியத்தை அவர்களுள் அநேகருக்கு அளிப்பது கூடத்து மூலையில் வைத்த மீன்தொட்டி ஒன்றுதான். ஆதலால், அத்தொட்டியின் நீர் பச்சையாகிப் போவதையும், அதைக் கண்ட பெற்றோர் செய்வதறியாது கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, மருந்து ஊற்றி, நீரை முழுவதும் இறைத்து, மீனையும் சாகக் கொடுத்து, ஈற்றில் வெறுந்தொட்டியை மொட்டைமாடியில் கொண்டுபோய்க் கவிழ்த்து வைப்பதையும் ஓர் அற்ப விஷயமென்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தப் பச்சையைப் போக்க எதை ஊற்றலாம் என்று கேட்பதே பிழையான கேள்வி என்பது என் அபிப்பிராயம். இதுவரை எதை அளவுக்கு மேல் இட்டோம், எவ்வளவு வெளிச்சத்தை விட்டோம் என்று கேட்பவருக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

பச்சையான நீரில் ஒரு கோப்பை மொண்டு, வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை இரண்டாக மடித்து அதனூடே வடித்துப் பார்த்தால், துணியில் சிறிது அழுக்குத் தங்குமேயன்றி, கீழே இறங்கிய நீர் முன்போலவே பச்சையாக இருக்கக் காணலாம். ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குக்கும் உட்பட்ட பருமனுள்ள ஒற்றைக்கல உயிர்கள், குளோரெல்லா முதலிய பாசியினங்கள், கணக்கற்று அதில் மிதக்கின்றன. காற்றுக்குழாயில் பொருத்திய சாதாரண பஞ்சு வடிகட்டிக்கு அவை அகப்படாததன் காரணமும் இதுவே. ஒளியும் உரமும் வாய்த்துவிட்டால் ஒரு நாளைக்குள்ளேயே இரட்டிப்பாகக்கூடியவை அவை; போன வெள்ளிக்கிழமை பளிங்குபோல் இருந்த தொட்டியில் இந்த வெள்ளிக்கிழமை மீன் எந்தப் பக்கம் நிற்கிறதென்று தெரியாமற் போவதில் வியப்பொன்றுமில்லை.

அவற்றுக்கு வேண்டிய உரம் நைதரசனும் பொசுபரசும் கலந்த உப்புக்கள். அவ்வுப்புக்களைத் தினந்தோறும் நம் விரல்நுனியாலேயே இட்டு வருகிறோம். பள்ளிக்கூடம் போகுமுன் பிள்ளை ஒரு சிட்டிகை, மத்தியானம் அப்பம்மா ஒரு சிட்டிகை, வேலையால் வந்த தகப்பன் ஒரு சிட்டிகை என்று போடப்படும் தீனில் மீன் தின்றது கழிவாகியும் தின்னாதது அடியிற் கிடந்து அழுகியும் அமோனியாவாக மாறுகின்றன. பஞ்சிலும் அடிக்கற்களிலும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது மீனை அவ்வளவாக வருத்தாது, பாசிக்கோ அதுவே விருந்து. அன்பினாற் செய்யும் காரியமாகையால் தீன் போடுகிறவரைக் கண்டிப்பது எவருக்கும் சங்கடமானதே. ஆயினும் கண்ணாடியருகே ஆள் வந்தவுடன் மீன் மேலே ஓடிவருவது பசியினாலன்று, பழக்கத்தினால் என்பதையும், உடலைச் சூடாக வைத்திருக்க வேண்டிய தேவையில்லாத மீனுக்கு மிகச் சொற்ப உணவே போதும் என்பதையும் வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். தீன் போடும் உரிமை வீட்டில் ஒருவருக்கே இருக்கட்டும். அது பிள்ளையாகவே இருக்கட்டும்.

இனி, நீர் பச்சையானவுடன் தொட்டியை முழுவதும் காலிசெய்து கற்களையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுகிற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்மை செய்வதாக எண்ணிச் செய்யப்படும் கேடுகளில் இதைவிடப் பெரியது ஒன்றில்லை. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும், களனி கங்கை நீரைச் சுத்திகரிக்கும் அம்பத்தலையிலிருந்தும் கொழும்புக்கு வந்து சேரும் குழாய்நீர், மனிதர் குடிப்பதற்காகக் குளோரின் இடப்பட்ட நீர். நோய்க்கிருமியைக் கொல்லும் அக்குளோரின், பஞ்சிற் குடியிருந்து அமோனியாவைத் தீர்த்துவந்த பற்றீரியாவையும் கூடவே கொல்கிறது. கழுவிய மறுநாள் தொட்டி கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அமோனியா ஏறத்தொடங்கி மீன் சோர்வதும், ஒளி குறையாதபடியால் பாசி மறுபடி தலையெடுப்பதும் சில நாட்களின் விஷயமே. கழுவ வேண்டுமாயின் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சைப் பிழிந்தெடுப்பதும், புதிதாக விடும் நீரை வாயகன்ற வாளியில் ஒரு நாள் வைத்து குளோரின் நீங்கியபின் விடுவதுமே முறை. அந்த வாளியை வலையாலோ துணியாலோ மூடிவைக்க மறக்கலாகாது. டெங்கு நுளம்புக்கு இடங்கொடுப்பது வீட்டாருக்கு மட்டுமல்ல, அயலவருக்கும் செய்யும் துரோகம்.

ஒளியைப் பொறுத்தவரையில் நம் நகரத்துக்கென ஒரு தனிச் சுபாவம் உண்டு. பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கும் கொழும்பில் ஆண்டு முழுவதும் பகற்பொழுது 12 மணித்தியாலத்தை ஒட்டியே நிற்பதால், குளிர்நாட்டுத் தொட்டிகளுக்கு மாரிகாலத்தில் வாய்க்கும் இருண்ட ஓய்வு நம் தொட்டிகளுக்கு ஒருபோதும் வாய்ப்பதில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலோ, கடலைப் பார்த்த மேற்குச் சாளரத்தைப் பெறுவதே பெரும் பேறாகக் கருதப்படுகிறது. தொட்டியையும் விருந்தினர் கண்ணிற் படும்படி அதற்கெதிரே வைத்துவிடுகிறார்கள். பின்னேரம் நான்கு மணிக்குமேல் சாய்ந்துவரும் வெயில் தொட்டியை ஊடுருவிப் பின்சுவரில் பச்சைப் பட்டையாக விழுவதைக் கண்டபின் வேறு சான்று தேட வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளில் வெயில் உள்ளே வருவது அரிது. அங்கே அந்த வேலையை இரவு படுக்கும்வரை அணைக்காத தொட்டி விளக்கு செய்கிறது.

பாசியின் உபத்திரவம் மீன்தொட்டியோடு கூடவே பிறந்தது. இலண்டனில் மருந்தாளர் சங்கத்தில் பணிபுரிந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன நிபுணர் 1849இல் தங்கமீனையும் வலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, செடி விடும் பிராணவாயுவால் மீனும், மீனின் கழிவால் செடியும் ஒன்றையொன்று தாங்கி வாழுமென நிரூபிக்க முற்பட்டார். செடியின் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. கண்ணாடியிலும் பச்சைப் பாசி படர்ந்தது. மருந்து செய்வதையே தொழிலாகக் கொண்ட சங்கமொன்றைச் சேர்ந்த அம்மனிதர், போத்தல்கள் நிரம்பிய அலுமாரியின் பக்கம் திரும்பாமல், குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து அப்பாத்திரத்தில் விட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் தின்ன, நீர் தெளிந்தது. 1850இல் இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் அதை அவர் எழுதி வெளியிட்டார். பிற்காலத்து மீன்தொட்டிக் கலை அனைத்துக்கும் அத்திவாரமான அந்தச் சிறு கட்டுரையை நினைக்கும்போதெல்லாம் அம்மனிதரின் நிதானத்தின்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

பாசிகொல்லி என்று விற்கப்படும் திரவங்களுள் சில செம்புச் சேர்மானம் உடையவை. பாசியைக் கொல்லுமுன்பே நத்தையையும் இறாலையும் கொன்றுவிடத்தக்கவை. பாசி செத்தாலும் அதன் உடல் எங்கும் போய்விடுவதில்லை. கோடிக்கணக்கான கலங்கள் ஒரே சமயத்தில் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு வற்றிவிடுகிறது. வெப்பமான நீரில் அவ்வாயு குறைவாகவே கரையுமாதலால் 28 பாகை செல்சியசில் நிற்கும் நம் தொட்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம். விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து, வாயை நீர்விளிம்பில் வைத்துத் திறந்து திறந்து மூடுமாயின், அவை மூச்சுக்குத் தவிக்கின்றன என்று அறிந்து உடனே காற்றுப் பம்பியைக் கூட்டவேண்டும். ‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் தரும் கரிய மீனும் இதற்கு விடையாகாது. அது கண்ணாடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டுமேயன்றி மிதக்கும் பாசியைத் தொடாது. ஓரடிக்கு மேல் வளர்ந்து, தன் கழிவினால் பாசிக்கு உரமும் சேர்த்து, இனி இடமில்லையென்று வீட்டார் வெள்ளவத்தைக் கால்வாயில் கொண்டுபோய் விடுமளவுக்கு வந்துவிடுகிறது. அவ்வாறு விடப்பட்டவை இந்நாட்டு நீர்நிலைகளில் பெருகிச் சுதேச மீன்களின் வாழ்விடத்தைப் பறிக்கின்றன என்பதால், இச்செயலை நான் பாவமென்றே சொல்வேன்.

செய்யத்தக்கவை எளியவை, ஆனால் பொறுமை வேண்டுபவை. தீனை நாளுக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவுக்குக் குறைத்து, வாரத்தில் ஒரு நாள் மீனுக்கு உபவாசமும் விட்டு, விளக்கை ஆறேழு மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்தி, வாரந்தோறும் நீரில் நாலிலொரு பங்கை மாற்றிவந்தால் பெரும்பாலான தொட்டிகள் ஒரு மாதத்துக்குள் தெளியும். அதற்கும் அடங்காதாயின் மூன்று நான்கு நாட்களுக்குத் தீன் போடாமல், கனத்த துணியால் தொட்டியை முற்றாக மூடி, காற்றை மட்டும் ஓடவிட்டு, பின்னர் நீரைப் பாதியளவு மாற்றலாம். புறஊதா விளக்குப் பொருத்திய வடிகட்டியும் மிதக்கும் பாசியைத் திண்ணமாகக் கொல்லும். பணமுள்ளவர் வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் விருந்தைக் குறைக்காதவரை அவ்விளக்கை அணைத்த வாரமே பச்சை திரும்பிவிடும். எல்லாவற்றிலும் மேலானது நீர்ச்செடி. பாசி உண்ணும் உரத்தையே அதுவும் உண்பதால், செழித்த செடியுள்ள தொட்டியில் பாசிக்கு மிச்சம் கிடைப்பதில்லை. அகற்றும் பச்சை நீரைப் பூச்சட்டிகளுக்கு ஊற்றலாம். செடி வளர்ந்து வெட்டும்போது குப்பையிலோ சட்டியிலோ இடவேண்டுமேயன்றிக் கால்வாயில் எறியலாகாது. 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்குப் பாடத்தின்பொருட்டு வரவழைக்கப்பட்ட சல்வீனியா என்னும் சிறு மிதவைச்செடி, வெளியேறிய சில ஆண்டுகளுக்குள் வயல்களையும் கால்வாய்களையும் மூடி உழவரைக் கலங்கச் செய்து, 1980களின் பிற்பகுதியில் அதைத் தின்னும் வண்டினமொன்று கொண்டுவரப்பட்ட பின்னரே பெருமளவுக்கு அடங்கியது.

தொட்டியைப் பற்றி இவ்வளவு எழுதியதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்நகரின் நடுவிலேயே பச்சை நீர் நிரம்பிய தொட்டி ஒன்று கிடக்கிறது. போர்த்துக்கேயர் காலத்திற் கோட்டையின் காவலுக்கென உருவாகி, ஒருகாலத்தில் ஏறத்தாழ 165 ஹெக்டேயராக இருந்து இன்று 65 ஹெக்டேயரளவுக்குச் சுருங்கிவிட்ட பேரை வாவியைத்தான் சொல்கிறேன். அதன் நீரைப் பச்சையாக்கும் உயிர்களுள் முக்கியமானது மைக்ரோசிஸ்டிஸ். ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கவல்லது. மழைநீர் வடிகால்களில் களவாக இணைத்த கழிவுக்குழாய்கள் அதற்கு இரவுபகலாகத் தீன் போடுகின்றன. நாற்றமெழும்போதும் மீன்கள் செத்து மிதக்கும்போதும் நகரம் விழித்தெழுந்து நிறத்துக்குப் பரிகாரம் தேடுகிறது. தேடுவது பெரும்பாலும் வாவிக்குள்ளேயே.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 226 என்று இலக்கமிடப்பட்ட ஏரியொன்றை 1973இல் டேவிட் ஷிண்ட்லரும் அவர் குழுவினரும் குறுக்கே திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும், மறு பாதிக்கு அவற்றோடு பொசுபரசும் இட்டுவந்தார்கள். பொசுபரசு பெற்ற பாதி பாசியால் மூடுண்டு பச்சையாக, மற்றைய பாதி தெளிவாகவே நின்றதை வானிலிருந்து எடுத்த படம் உலகுக்குக் காட்டிற்று. சலவைத்தூளில் பொசுபேற்றைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு அப்படம் பெருந்துணையாயிற்று. வாவியின் விஷயத்தில் நம் ஆட்சியாளர் கற்க வேண்டிய பாடம் இதுவென்று நான் உறுதியாக நம்புகிறேன்: சேற்றை அள்ளுவதும் நீரூற்றுக்களால் காற்றூட்டுவதும் பிரயோசனமானவையே, ஆயினும் அவை இரண்டாவதாகச் செய்யத்தக்கவை. பேரை வாவிக்கெனப் பொதுப்பணம் ஒதுக்கப்படும் ஒவ்வொரு முறையும், அதில் எத்தனை கழிவுக்குழாய்களை அடைப்பதற்கு எவ்வளவு தொகை என்பதைக் கொழும்பு வரியிறுப்பாளர் முதலிற் கேட்டு, அந்தக் கணக்கு வெளியானபின்பே மற்றச் செலவுகளுக்குச் சம்மதிக்க வேண்டும்.